நல்ல நிலையில் உள்ளது

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் தெருவில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னைவிட முப்பது வயது சின்னவர். இரவு வசூல் பணத்தை வீட்டுக்கு எடுத்து வருவதால் கைத்துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்து, இரண்டு வருட அலைச்சலுக்குப் பிறகு கிடைத்திருக்கிறது.

"சார், நீங்க ஆயுத உரிமப் பிரிவுல இருந்தீங்களாமே. புதுசு வாங்க லட்சத்துக்கு மேல ஆகும்போல. ஒருத்தர் பழைய ரிவால்வர் ஒண்ணை பாதி விலைக்குத் தர்றேங்கிறார். வாங்கலாமா? விலை குறைஞ்சதை எப்படி நம்பறது?"

காபி கொடுத்து, "நாளைக்கு வாங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்கு விடை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதுதான் தயக்கம். அவரிடம் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தீபாவளிக்குக் கூட பொட்டு வெடிதான். 1977இல் என்னை அந்தப் பிரிவில் போட்டதற்கு ஒரே காரணம், நான் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டுகள் அலமாரி நிறைய இருந்தன. அவற்றைப் படித்து ஆங்கிலத்தில் பதிவேட்டில் ஏற்ற ஆள் இல்லை. "உனக்குத்தான் அந்த பாஷை வருமே" என்று மேலதிகாரி சாவியைக் கையில் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் உரிமத்தை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. அப்போது ஆயுதத்தை நேரில் கொண்டு வந்து காட்ட வேண்டும். நான் துப்பாக்கியில் உள்ள எண்ணைப் பார்ப்பேன், பதிவேட்டு எண்ணோடு ஒத்துப் பார்ப்பேன். கடைசியில் 'ஆயுதத்தின் நிலை' என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் எல்லாவற்றுக்கும் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியிருந்தார். நானும் அதையே எழுதினேன். ஒரு நாளைக்கு இருபது எழுதியதும் உண்டு.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்தாக்கள். புதுச்சேரி வாசகர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி, அந்த நாட்டு ஓய்வூதியம் வாங்கும் நம் ஊர்க்காரர்களை அப்படித்தான் சொல்வோம். ஜூலை 14ஆம் தேதி கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் மெடல்களைக் குத்திக்கொண்டு நிற்பார்களே, அவர்கள்தான்.

அவர்களில் ஒருவரை நாங்கள் செர்ழான் என்று கூப்பிடுவோம். எழுபது வயது இருக்கும். இந்தோசீனாவில் இருந்தவர். நகரத்துக்கு வடக்கே முந்திரித் தோப்பில் வீடு. ஒரு தோல் உறையில் வைத்து கைத்துப்பாக்கியைக் கொண்டு வருவார். பழைய சீட்டில், 'பிஸ்தோலே ஒத்தோமாதிக், 7.65, தீப் ரூபி' என்று இருந்தது. ரூபி வகைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி, 7.65 மில்லிமீட்டர் தோட்டா. கறுப்பாக, சதுரமாக, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கும். இடது பக்கம் மேலே சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு ஆணித்தலை துருத்திக்கொண்டிருக்கும். அலங்காரம் என்று நினைத்து, அடையாளக் குறி என்ற கட்டத்தில் அதை எழுதி வைத்தேன்.

முதல் முறை வந்தபோதே செர்ழான் சொன்னார்: "தம்பி, இவன் காப்ரிசியே. இவனை நம்பக்கூடாது."

காப்ரிசியே என்றால் மனம்போன போக்கில் போகிறவன், எப்போது என்ன செய்வான் என்று சொல்ல முடியாதவன். எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் என்னைத் திட்டும் வார்த்தைகளில் ஒன்று அது. அதனால் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். கட்டத்தில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 1980இல் மறுபடி வந்தார். மறுபடி அதையே எழுதினேன்.

அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். மகன் வாரிசு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். அதுவரை காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த துப்பாக்கியை எடுத்து வந்து காட்டினார்கள். எண் சரியாக இருந்தது. உறை புதிதாக எண்ணெய் போட்டு மின்னியது. நான் என் வழக்கமான வரியை எழுதினேன். உரிமம் கிடைத்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ராத்திரி தோப்பில் ஏதோ சத்தம். முந்திரிக்கொட்டை திருடர்களாக இருக்கலாம் என்று மகன் எழுந்து துப்பாக்கியை எடுத்தார். மேகசீனைச் செருகி, மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டார். இழுத்து விட்டால் முதல் தோட்டா குழாய்க்குள் ஏற வேண்டும். அவ்வளவுதான் நடக்க வேண்டும். ஆனால் ஸ்லைடு முன்னால் போய் அடித்த வேகத்தில் துப்பாக்கி வெடித்துவிட்டது. விசையில் விரலே வைக்கவில்லை என்று அவர் கடைசி வரை சொன்னார். பக்கத்தில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியின் இடது பாதத்தில் குண்டு பாய்ந்து வெளியே போனது.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பாதத்தில் சின்னச் சின்ன எலும்புகள் நொறுங்கிவிட்டன. மூன்று மாதம் படுக்கை. பிறகு நடந்தார், சாய்ந்து சாய்ந்து.

விசாரணை வந்தது. கோப்பு என்னிடம் இருந்ததால் நானும் போனேன். துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்க காவல்துறை ஆர்மரரை அழைத்திருந்தார்கள். ராணுவப் பணிமனையில் இருந்து வந்தவர், வாட்டசாட்டமான ஆள், பேச்சு குறைவு. மேசையில் ஒரு வேட்டித் துணியை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்தார். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இந்த ரெண்டு துண்டையும் பாருங்க."

இந்த வகைத் துப்பாக்கியில் சுத்தி உள்ளே மறைந்திருக்கும், வெளியே தெரியாது. அதைப் பின்னால் நிறுத்திப் பிடித்துக்கொள்வது ஒரு சின்ன இரும்புக் கொக்கி. விசையை அழுத்தினால் கொக்கி விலகும், சுத்தி போய் அடிக்கும். சுத்தியும் கொக்கியும் பிடித்துக்கொள்ளும் முனை கத்தி விளிம்பு மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் அது சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி உருண்டையாக இருந்தது. ஆர்மரர் ஒரு கத்தி முனையால் கொக்கியின் ஓரத்தில் லேசாகக் கீறினார். கோடு விழுந்தது.

"கீறல் விழக்கூடாது சார். இரும்பு மெத்துனு இருக்கு. தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒரு மயிரிழையிலதான் பிடிச்சிட்டிருந்திருக்கு. ஸ்லைடு அடிக்கிற அதிர்ச்சியில விட்டுடுச்சு."

விசாரணை அதிகாரி கோப்பைப் புரட்டினார். என் கையெழுத்தைப் பார்த்தார்.

"நல்ல நிலையில் உள்ளதுன்னு எழுதியிருக்கீங்களே, எதை வெச்சு எழுதினீங்க?"

எனக்குப் பதில் இல்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மகன் அஜாக்கிரதை என்று முடித்தார்கள். எனக்கு மெமோ கூட வரவில்லை. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆர்மரரைத் தேடிப் போய் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். சனிக்கிழமை மத்தியானம் அவருடைய கொட்டகையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அந்த ரூபியின் கதையைப் பிரெஞ்சுப் புத்தகங்களில் தேடிப் படித்தேன். இருவர் அறிவையும் சேர்த்தபோது விஷயம் விளங்கியது.

முதல் உலகப் போர் ஆரம்பித்தபோது பிரான்சிடம் கைத்துப்பாக்கி போதவில்லை. சொந்தத் தொழிற்சாலைகள் எல்லாம் ரைபிள், பீரங்கி செய்வதில் மூழ்கியிருந்தன. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் எய்பார் என்ற ஊர். வீட்டுக்கு வீடு துப்பாக்கிப் பட்டறை. அங்கே கபிலோந்தோ இ உரெஸ்தி என்ற கம்பெனி, பிரௌனிங்கின் 1903ஆம் ஆண்டு மாதிரியைப் பார்த்துச் செய்த ரூபியை மலிவாக விற்றுக்கொண்டிருந்தது. 1915 மே மாதத்தில் பிரெஞ்சு ராணுவம் மாதம் 10,000 வேண்டும் என்றது. சில மாதங்களிலேயே அது மாதம் 30,000 ஆனது. ஒரு கம்பெனியால் முடியுமா? அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்களே மற்றவர்களிடம் நேரடியாகவும் வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் நாற்பது, ஐம்பது பட்டறைகள் ஒரே துப்பாக்கியைச் செய்துகொண்டிருந்தன. பல லட்சம் துப்பாக்கிகள்.

பார்வைக்கு எல்லாம் ஒன்று. உள்ளே ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒரு பட்டறையின் மேகசீன் இன்னொன்றின் துப்பாக்கியில் சரியாக நிற்காது. அதனால் எந்தப் பட்டறை என்று தெரிய, துப்பாக்கியிலும் மேகசீனின் அடியிலும் இரண்டு எழுத்து முத்திரை அடிக்கச் சொன்னார்கள். செர்ழானிடம் இரண்டு மேகசீன்கள் இருந்தன. ஒன்றின் எழுத்து துப்பாக்கியோடு பொருந்தியது, மற்றது பொருந்தவில்லை. இதை நான் மூன்று தடவை கையில் எடுத்தும் பார்க்கவில்லை.

நான் அலங்காரம் என்று எழுதி வைத்த பித்தானின் கதையும் அப்போதுதான் தெரிந்தது. இந்தத் துப்பாக்கியை உறையில் செருகும்போது தோல் உரசி, சேஃப்டி நெம்புகோல் தானாகவே 'சுடலாம்' என்ற பக்கம் நகர்ந்துவிடும். அப்படி நகராமல் உறையைச் சற்றே விலக்கிப் பிடிக்கத்தான் ஸ்லைடில் அந்த ஆணித்தலையை அடித்தார்கள். ஒரு குறையை மறைக்க வைத்த ஒட்டு அது. நான் அதை அடையாளக் குறியாகப் பதிந்து வைத்திருந்தேன்.

ஆர்மரர் ஒரு நாள் காவல்துறைக் கிடங்கிலிருந்து இன்னொரு ரூபியைக் காட்டினார். ஏதோ பழைய வழக்கில் பறிமுதல் செய்தது. அதே போர், அதே பெயர். முத்திரை எழுத்து மட்டும் வேறு. அதன் கொக்கியைக் கத்தியால் கீறினார். கோடு விழவில்லை. லென்ஸில் முனை அறுபது வருடத்துக்குப் பிறகும் கூர்மையாக இருந்தது.

"இதைச் செஞ்சவன் இரும்பைப் பதமா காய்ச்சித் தோய்ச்சிருக்கான். அவன் அந்த வேலையை விட்டுட்டான், நேரம் மிச்சம்னு. ரெண்டுக்கும் வெளியில என்ன வித்தியாசம் தெரியுது?"

எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

"மலிவா செய்யறவன் எங்கேயோ ஒரு இடத்துல காசை மிச்சம் பிடிச்சிருப்பான். பிடிக்கட்டும், தப்பில்ல. எந்த இடத்துலன்னு கண்டுபிடிக்கணும். மேல்பூச்சுல பிடிச்சானா, பரவாயில்ல. பிடியில மரத்துக்குப் பதிலா பிளாஸ்டிக் போட்டானா, பரவாயில்ல. கொக்கியிலயும் சேஃப்டியிலயும் பிடிச்சானா, அதைத் தொடாதே."

இதைவிட நல்ல அளவுகோலை நான் இன்றுவரை எங்கும் படிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயம் எங்கே கண்ணில் பட்டாலும் படிப்பேன். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு அவர் சொன்னதற்கு அப்படியே சாட்சி. 1968இல் அங்கே வந்த ஒரு சட்டம் வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான சின்னக் கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது. உள்நாட்டில் செய்வதற்கு அந்தத் தடை இல்லை. அதனால் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி மலிவுத் துப்பாக்கிக் கம்பெனிகள் முளைத்தன. எஃகுக்குப் பதில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்வார்கள். அவற்றில் ஒன்று பிரைகோ. அதன் ஒரு மாடலில் தோட்டா ஏற்றும்போது சிக்கிக்கொள்ளும் தொந்தரவு இருந்தது. அதைச் சரிசெய்யாமல், சேஃப்டியை விலக்கினால்தான் ஸ்லைடு நகரும் என்று மாற்றிவிட்டார்கள். அதாவது துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டுமானால் முதலில் சுடத் தயாராக வைக்க வேண்டும். 1994இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் ஒருவர் அப்படிக் காலி செய்ய முயன்றபோது அது வெடித்து, எதிரே இருந்த ஏழு வயதுப் பையன் கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனான். 2003இல் ஜூரி எல்லோர் பொறுப்பையும் பங்கு பிரித்து, கம்பெனித் தரப்பு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்றது. கம்பெனி திவால் மனு கொடுத்தது.

அதே நாட்டில் ஹை பாயின்ட் என்று ஒரு துப்பாக்கி. விலை மிகக் குறைவு. செங்கல் மாதிரி இருக்கும், கேலி செய்யாதவர் இல்லை. அதிலும் துத்தநாகக் கலவைதான். சாதாரணமாக 9 மில்லிமீட்டர் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்க, குழாயும் ஸ்லைடும் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும்படி நுட்பமாகக் கடைய வேண்டும். அந்தச் செலவை இவர்கள் தவிர்த்துவிட்டார்கள். பதிலுக்கு ஸ்லைடைப் பெரிதாக, கனமாக வைத்தார்கள். கனமே அந்த வேலையைச் செய்கிறது. கை வலிக்கும், அழகு கிடையாது, ஆனால் சுடும். யார் கையில் இருந்தாலும் ஆயுள் முழுக்கப் பழுது பார்த்துத் தருகிறார்கள். ஆர்மரர் இருந்திருந்தால், "இவன் சரியான இடத்துல மிச்சம் பிடிச்சிருக்கான்" என்றிருப்பார்.

கலிபோர்னியாவில் இப்போது ஒரு மாடலைக் கடையில் விற்பதற்கு முன் பரிசோதனை உண்டு. அந்த மாடலில் மூன்று துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுடுவார்கள். முதல் 20இல் ஒன்றுகூடச் சிக்கக்கூடாது. மொத்தத்தில் ஆறுக்கு மேல் கோளாறு வரக்கூடாது. பிறகு 1 மீட்டர் 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் ஆறு விதமாகப் போடுவார்கள். ஒரு தடவை கூட வெடிக்கக்கூடாது. விலையைக் கேட்பதில்லை, பெயரைக் கேட்பதில்லை. சுட்டுப் பார், கீழே போட்டுப் பார், அவ்வளவுதான்.

நம் ஊரில் நிலைமை வேறு. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்ற பிறகு, ஐரோப்பாவில் சாதாரண விலைக்குப் போன துப்பாக்கிகள் எல்லாம் இங்கே லட்சங்களுக்குப் போயின. தரம் கூடியா விலை ஏறியது? கிடைக்கவில்லை, அதனால் ஏறியது. அரசுத் தொழிற்சாலைகள் .32 ரிவால்வர் செய்கின்றன. 2014இல் கான்பூரில் 'நிர்பீக்' என்று பெண்களுக்காக ஒன்று வந்தது. டைட்டானியம் கலவை, அரைக் கிலோ எடை, விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம். அந்த விலையில் ஒரு பங்கு லேசான உலோகத்துக்கு. பையில் வைத்துக்கொள்ள நல்லதுதான். ஆனால் லேசாக இருப்பதும் நம்பகமாக இருப்பதும் வேறு வேறு விஷயம். அதைச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் நம்மவர்கள் சுட்டுப் பார்ப்பதே இல்லை. உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. இருக்கிற தோட்டாவைச் செலவழிக்க மனசு வராது. துணியில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்து, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, உரிமம் புதுப்பிக்கும்போது என்னைப் போன்ற குமாஸ்தாவிடம் காட்டி, மறுபடி பீரோவில் வைப்பார்கள். அது நல்லதா கெட்டதா என்று வைத்திருப்பவருக்கும் தெரியாது, கையெழுத்துப் போடுபவருக்கும் தெரியாது.

பங்க் நண்பரிடம் நான் சொன்னது இதுதான்.

முதலில், விற்பவர் சொல்லும் பெயரையும் விலையையும் ஒதுக்கி வையுங்கள். கையில் வாங்கியதும் காலியா என்று கண்ணால் பாருங்கள். மேகசீனை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்காதீர்கள், குழாய்க்குள் ஒரு தோட்டா இருக்கலாம். மான்யுபிரான்ஸ் செய்த 'ல பிரான்சே' என்ற சின்னத் துப்பாக்கி ஒன்று ஒரு வக்கீலின் பெயரில் எங்கள் பதிவேட்டில் இருந்தது. ஒரு நெம்புகோலை அழுத்தினால் குழாயின் பின்பக்கம் மேலே எழும்பித் திறக்கும், உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். ஆர்மரர் அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்கவே மாட்டார். எல்லாத் துப்பாக்கியும் அப்படி இருக்காது, நாம்தான் திறந்து பார்க்க வேண்டும்.

ரிவால்வர் என்றால், சுத்தியைப் பின்னால் நிறுத்தியதும் சிலிண்டர் ஆடாமல் நிற்கிறதா, ஒவ்வொரு அறையும் குழாய்க்கு நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்திய சுத்தியைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளினால் அசையக்கூடாது. ஸ்லைடு உள்ளது என்றால், காலியாக இருக்கும்போது பத்துப் பதினைந்து முறை இழுத்து விட்டு, சுத்தி விழாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மேகசீன் அந்தத் துப்பாக்கிக்கே உரியதா, அதன் வாய் நெளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிச் சிக்கல் அங்கேதான். குழாய்க்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் நடுவில் வளையம் மாதிரி நிழல் தெரியக்கூடாது, தெரிந்தால் உள்ளே உப்பியிருக்கிறது. புரூஃப் முத்திரை இருந்தால் நல்லது. அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, வெடித்துச் சிதறாது என்று பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு நன்றாக இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி.

இதையெல்லாம் நீங்களும் நானும் செய்து முடிவு கட்டக்கூடாது. தெரிந்த ஆர்மரர் பிரித்துப் பார்க்க வேண்டும். ரேஞ்சில் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அதுவே பதில்.

அவரிடம் சொல்லாத மீதி இது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் கட்டத்தில் நான் 'எண் சரி. நிலை பரிசோதிக்கப்படவில்லை' என்று எழுத ஆரம்பித்தேன். ஆர்மரர் சீட்டு இருந்தால் மட்டுமே 'நல்ல நிலை' என்று எழுதினேன். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. "உனக்கு எதுக்குய்யா இந்த வேலை? கோப்பு தேங்குது" என்றார். தேங்கத்தான் செய்தது. இரண்டு வருடத்தில் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். எனக்குப் பின் வந்தவர் என்ன எழுதினார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்த அம்மாவை ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் அடிக்கடி பார்ப்பேன். கூடையை வலது கையில் வைத்துக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்து இழுத்து மீன் பக்கம் போவார். நான் யார் என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். இப்படியே பல வருடம் போனது.

ஓய்வு பெற்ற வருடம், ஒரு கல்யாண வீட்டில் அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். தப்பிக்க வழியில்லை. "மதாம், நான்தான் அந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டவன்" என்றேன். "தெரியும் தம்பி" என்றார். அதற்கு மேல் நிறுத்த முடியாமல், செர்ழான் என்னிடம் சொன்னதையும் சொல்லிவிட்டேன். இவனை நம்பக்கூடாது என்று அவர் வாயாலேயே சொன்னார், நான் சிரித்துவிட்டு நல்ல நிலை என்று எழுதினேன், ஒரு வரி எழுதி ஆர்மரருக்கு அனுப்பியிருந்தால் உங்கள் கால் போயிருக்காது என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மாமா எங்ககிட்டயும் சொன்னார். ஒரு நாளும் வீட்டுக்குள்ள தோட்டா ஏத்தாதேன்னு இவர்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்கார். வயசானவர், பிரெஞ்சுக்காரன் மாதிரி பேசுவார்னு நாங்களும் சிரிச்சோம்."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றி நடந்து போனார்.

பங்க் நண்பர் போன வாரம் அந்த ரிவால்வரை ஓர் ஆர்மரரிடம் கொடுத்திருக்கிறார். விற்பவர் முதலில் முகம் சுளித்தாராம், பிறகு சரி என்றாராம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.